அத்தியாயம் 7: விரலுக்கு ஒரு தராசு, சுவருக்கு ஒரு விளக்கு

வாரத்தில் ஐந்து நாள் கோடு எழுதிவிட்டு, ஆறாம் நாள் விடியும் முன்னே பெங்களூரிலிருந்து ராமநகரத்துக்கு வண்டியைக் கிளப்பும் ஆட்களுக்குப் பொதுவாக ஒரு வியாதி உண்டு. கயிற்றைப் பார்த்தால் சமன்பாடு தோன்றும். காராபைனரைப் பார்த்தால் த்ரீ-டி பிரின்டர் ஞாபகம் வரும். யாராவது ஒரு நகர்வில் நாலு தடவை வழுக்கி விழுந்தால், 'இதை வீடியோ எடுத்து அலசினால் என்ன?' என்று கை பரபரக்கும். இந்த வியாதிக்கு மருந்து சொல்ல நான் வரவில்லை. உடம்புக்கும் வீட்டுக்கும் சேதமில்லாத பக்கமாக அதைத் திருப்பிவிடுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. முடிச்சு, பிலே, விழும் முறை மூன்றையும் முந்தைய அத்தியாயங்களில் பழகிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒரு கோடு கிழித்துவிடுவோம். உயிர் தொங்கும் எதையும் வீட்டில் செய்யாதீர்கள். காராபைனர், ஸ்லிங், ஹார்னஸ், பிலே கருவி, போல்ட் எல்லாமே இதில் அடங்கும். உங்களுக்குத் திறமை இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. ஐரோப்பியத் தரப்படி ஒரு சாதாரணக் காராபைனர் நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். வாய் திறந்த நிலையில் 7, குறுக்குவாக்கிலும் 7. ஒரு குறிப்பிட்ட காராபைனர் எந்த விசையில் உடையும் என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அதை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். உடைந்ததை மறுபடி மாட்ட முடியாது. அதனால்தான் உற்பத்தியாளர்கள் ஒரே உலோகம், ஒரே அச்சு, ஒரே சூட்டுப் பதத்தில் ஆயிரக்கணக்கில் செய்து, அவற்றில் சிலவற்றை உடைத்துப் பார்த்து, மீதியை நம்புகிறார்கள். வீட்டில் ஒன்றே ஒன்று செய்கிறவரிடம் நம்புவதற்கு அந்த மீதி கிடையாது.

கோட்டின் இந்தப் பக்கம் இடம் தாராளமாக இருக்கிறது. அளப்பது, ஒளியூட்டுவது, நேரம் பார்ப்பது, பதிவு செய்வது, கணக்குப் போட்டுப் புரிந்துகொள்வது எல்லாம் உங்களுடையவை. இவற்றில் எது பழுதானாலும் ஒரு மாலைப் பொழுது வீணாகும், அவ்வளவுதான்.

முன்னோடிகள் இருவர்

பாறை ஏறும் பொறியாளர்கள் நேற்று முளைத்தவர்கள் அல்லர். ஆர்னால்ட் வெக்ஸ்லர் அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில் ஈரப்பத அளவீட்டில் வல்லுநர். விடுமுறையில் பாறை ஏறுவார். விழும் ஆளைக் கயிறு எவ்வளவு விசையோடு பிடிக்கிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, 1950இல் அமெரிக்க ஆல்பைன் சஞ்சிகையில் அதற்கான சமன்பாட்டை எழுதினார். முக்கால் நூற்றாண்டு ஆகியும் அறிமுகப் பாடங்களில் அதுதான் சொல்லித்தரப்படுகிறது. அதைப் பிற்பாடு நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்.

அடுத்தவர் ரே ஜார்டைன், விண்வெளித் துறைப் பொறியாளர். 1970களில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் விரிசல்களில் ஏறிக்கொண்டிருந்தார். ஓரங்கள் இணையாக ஓடும் விரிசலில் அன்றைய ஆப்புகள் பிடிக்காமல் வழுக்கின. அவர் உருவாக்கிய சுருள்வில் கேம் கருவியை 'ஃப்ரெண்ட்' என்ற பெயரில் 1978இல் இங்கிலாந்தின் வைல்டு கன்ட்ரி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கருவி சந்தைக்கு வரும் முன்பே, 1977இல், அதைக் கொண்டு 'தி ஃபீனிக்ஸ்' என்ற விரிசலை ஏறிவிட்டார். அந்தக் காலத்தில் அது உச்சகட்டக் கடினம்.

'அவர் மட்டும் உயிர் தொங்கும் கருவியை வீட்டில் செய்யலாமா?' என்று கேட்பீர்கள். அவர் பல வருஷம் முழுநேரமாக அதே வேலையில் இருந்தார், மாதிரி மேல் மாதிரியாகச் செய்து பார்த்தார், அந்த வேலைக்கு அப்போது வேறு நல்ல கருவி கடையில் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜார்டைன் கதைக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. எல் கேப்பிடன் பெரும் சுவரில் 'தி நோஸ்' பாதையைக் கையாலேயே ஏறிவிட வேண்டும் என்ற முனைப்பில், பாறையை உளியால் செதுக்கிப் பிடிகள் உண்டாக்கினார். விரிசலுக்கு ஏற்பக் கருவியை மாற்றிய அதே மனிதர், தன் திட்டத்துக்கு ஏற்பப் பாறையை மாற்றினார். ஏறுவோர் சமூகம் முதல் காரியத்தை இன்றும் கொண்டாடுகிறது, இரண்டாவதை இன்றும் திட்டுகிறது. பொறியியல் மூளை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு ஆளைத்தான் காட்டுவேன்.

விரல் தராசு: முதலில் இதைச் செய்யுங்கள்

முதல் திட்டமாக எல்லோருக்கும் நான் சொல்வது விரல் பலத்தை அளக்கும் கருவி. செலவு குறைவு. சென்னை ரிட்சி தெருவிலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ ஒரு மதியத்தில் எல்லாச் சாமானும் சேர்ந்துவிடும். முக்கியமாக, இதில் யாரும் உயரத்தில் தொங்குவதில்லை.

தேவை: 200 கிலோ வரை அளக்கும் எஸ் வடிவ லோடு செல் ஒன்று, எச்எக்ஸ்711 பலகை ஒன்று, ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று, இரண்டு ஷேக்கிள், தடித்த பலகைத் துண்டு, விரல் பிடிக்க 20 மில்லிமீட்டர் விளிம்புள்ள மரக்கட்டை. பலகையின் நடுவில் கொக்கி போல்ட் போட்டு, அதில் லோடு செல், அதன் மேல் கயிறு, கயிற்றின் முனையில் மரக்கட்டை. பலகையின் மேல் நீங்களே நின்றுகொண்டு கட்டையை விரல்களால் மேல்நோக்கி இழுக்க வேண்டும். உங்கள் எடையே நங்கூரம். ஏதாவது பிய்த்துக்கொண்டால் கட்டை மேலே பாயும் என்பதால் முகத்தைக் கயிற்றின் நேர்கோட்டில் வைக்காதீர்கள்.

லோடு செல்லில் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரம் கொடுக்க, இரண்டு சிக்னல் வாங்க. உள்ளே இருப்பது வீட்ஸ்டன் பாலம். பெரும்பாலான செல்கள் ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் கணக்கில் பதில் சொல்பவை. 5 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமையில் வெறும் 10 மில்லிவோல்ட்தான் கிடைக்கும். அவ்வளவு சின்ன சிக்னலைப் பெருக்கி 24 பிட் எண்ணாக மாற்றுவது எச்எக்ஸ்711இன் வேலை. சிக்னல் கம்பிகளைச் சின்னதாக வையுங்கள், ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் ஓடும் மிக்ஸியின் சத்தம்கூட வரைபடத்தில் தெரியும்.

பலரும் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. எச்எக்ஸ்711 விநாடிக்கு 10 அல்லது 80 அளவீடுகள் தரும். கடையில் கிடைக்கும் பச்சைப் பலகைகளில் பெரும்பாலும் 10தான். சிப்பின் 15ஆம் கால் தரையோடு இணைக்கப்பட்டிருப்பதே காரணம். அந்த ஒரு காலை மெல்லத் தூக்கி, மின்சாரப் பக்கம் சால்டர் செய்துவிட்டால் 80 கிடைக்கும். அதிகபட்சப் பலத்தை மட்டும் அளக்க 10 போதும். விரல் எவ்வளவு சீக்கிரம் அந்தப் பலத்தை எட்டுகிறது என்று பார்க்க வேண்டுமானால் 80 இல்லாமல் முடியாது. இழுப்பின் முதல் கால் விநாடியில் நடப்பது இரண்டு மூன்று புள்ளிகளில் அடங்காது.

அளவு திருத்தம் செய்ய எடைக்கல் தேடி அலைய வேண்டாம். வாசலில் இருக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனை மளிகைக்கடை மின்தராசில் நிறுத்தி, எடையை அதன் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். செல்லைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, வெறும் செல், ஒரு கேன், இரண்டு கேன் என்று மூன்று புள்ளிகள் எடுங்கள். மூன்றும் நேர்கோட்டில் விழ வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக இறக்கும்போதும் அதே எண்கள் வருகின்றனவா பாருங்கள். வரவில்லையென்றால் செல்லைத் திருகிய போல்ட் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். கோடில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

மென்பொருளைப் பற்றி ஒரே ஒரு புத்திமதி. முதல் வாரம் அலைபேசிச் செயலி எழுதாதீர்கள். எண்கள் கணினித் திரையில் ஓடட்டும், ஒரு சிஎஸ்வி கோப்பில் சேரட்டும். இழுப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு எல்லைகள் வையுங்கள்: 3 கிலோவைத் தாண்டினால் தொடக்கம், 1 கிலோவுக்குக் கீழே போனால் முடிவு. ஒரே எல்லை வைத்தால் நடுங்கும் விரல் ஒரு இழுப்பைப் பத்தாக எண்ண வைத்துவிடும். புளூடூத் பக்கம் போகும்போது, டின்டெக் என்ற நிறுவனம் தன் புரோக்ரசர் கருவியின் தகவல் வடிவத்தை வெளிப்படையாகத் தந்திருக்கிறது. அதே வடிவத்தில் உங்கள் கருவியும் பேசினால், அதற்காக மற்றவர்கள் எழுதிய செயலிகளை அப்படியே பயன்படுத்தலாம். சொந்தமாகப் புதிய நெறிமுறை கண்டுபிடிக்கும் ஆசையை அலுவலகத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன அளப்பது? மூன்று போதும். ஒவ்வொரு கையின் அதிகபட்ச இழுப்பு, உடல் எடையின் விழுக்காடாக. அந்தப் பலத்தை எட்டும் வேகம். மூன்றாவதாகத் தாங்குதிறன்: 7 விநாடி முழுப் பலத்தில் இழுத்து, 3 விநாடி விட்டு, இப்படி 24 முறை. மொத்தம் 4 நிமிடம். கடைசிச் சில இழுப்புகளில் வரைபடம் தட்டையாகும். அந்தத் தட்டையின் உயரம்தான் உங்கள் முன்கை சோர்ந்த பிறகும் தொடர்ந்து தரக்கூடிய பலம். முதல் தடவை செய்பவர்கள் பாதியிலேயே என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். தசை வளரும் வேகத்தில் தசைநாணும் விரல் வளையங்களும் வளர்வதில்லை. ஏறத் தொடங்கி ஓரிரு வருஷம் ஆகாதவர்கள் அதிகபட்ச இழுப்பை வாரா வாரம் சோதிக்கக் கூடாது. எண் கண்ணில் பட்டுவிட்டால் அதைத் தாண்டத் தோன்றும். மோதிர விரலின் அடிவளையம் அறுபடும்போது 'டப்' என்று கேட்கும் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். மாதம் ஒரு சோதனை ஏராளம்.

ஒளிரும் சுவர்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த பென் மூன் பெயரில் வரும் மூன்போர்டு, இன்று உலகம் முழுக்க உள்ள பயிற்சிச் சுவர்களில் ஒன்று. 40 பாகை முன்சாய்ந்த பலகை. 11 நெடுவரிசை, 18 கிடைவரிசை, ஆக 198 இடங்கள். எல்லா ஊரிலும் அதே பிடிகள் அதே இடத்தில் இருப்பதால், டோக்கியோவில் ஒருவர் அமைத்த சவாலை பெங்களூரில் இன்னொருவர் ஏறிப் பார்க்கலாம். எந்தப் பிடிகளைத் தொடலாம் என்பதை எல்ஈடி விளக்குகள் காட்டும்.

இதே யோசனையில் ஒரு சின்னச் சுவரை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கட்டலாம். அவர்களின் பிடியையும் சவால் தொகுப்பையும் நகலெடுக்காமல் உங்கள் சவால்களை நீங்களே அமையுங்கள். மரவேலைப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: 18 மில்லிமீட்டர் நீர்புகா ப்ளைவுட், 20 சென்டிமீட்டர் இடைவெளியில் துளை, பின்பக்கம் எம்10 டீ-நட், முன்பக்கம் எம்10 போல்ட். சட்டம் மட்டும் கோட்டின் அந்தப் பக்கத்துச் சமாசாரம். ஆள் பாய்ந்து பிடிக்கும்போது வரும் உதறலை அது தாங்க வேண்டும். வாடகை வீட்டின் செங்கல் சுவரில் ஆணி அடித்து மாட்டும் வேலையே கூடாது. தனித்து நிற்கும் சட்டமாக, சிவில் படித்தவரின் கணக்கோடு, அனுபவமுள்ள வெல்டரைக் கொண்டு செய்யுங்கள். விளக்குத் துளைகளைப் பலகை தரையில் கிடக்கும்போதே போட்டுவிடுங்கள். 40 பாகையில் அண்ணாந்து 198 துளை போட்டவர்கள் அதை மறப்பதில்லை.

மின்னணுவுக்கு வருவோம். டபிள்யூஎஸ்2811 வகை விளக்குச் சரம் மலிவு. ஒரே தரவுக் கம்பியில் எல்லா விளக்குக்கும் தனித்தனியாகக் கட்டளை போகும். சரம் பாம்புபோல வளைந்து ஓட வேண்டும்: முதல் நெடுவரிசையில் கீழிருந்து மேலே, அடுத்ததில் மேலிருந்து கீழே. ஆகவே பிடியின் பெயரிலிருந்து விளக்கின் எண்ணைக் கண்டுபிடிக்கச் சின்னக் கணக்கு வேண்டும். எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள். நெடுவரிசை எண்ணை 18ஆல் பெருக்குங்கள். அந்த எண் இரட்டையானால் கிடைவரிசை எண்ணைக் கூட்டுங்கள். ஒற்றையானால் 17இலிருந்து கிடைவரிசையைக் கழித்து, வந்ததைக் கூட்டுங்கள். பிடியின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை. சி5 என்ற பிடிக்கு நெடுவரிசை 2, கிடைவரிசை 4. விளக்கு எண் 40. பி5க்கு நெடுவரிசை 1, கிடைவரிசை 4. 18உடன் 13, ஆக 31. இந்த இரண்டையும் கையால் சரிபார்த்துவிட்டால் மீதி 196 தானாகச் சரியாகும்.

ஈஎஸ்பி32 பேசுவது 3.3 வோல்ட், விளக்குச் சரம் எதிர்பார்ப்பது 5 வோல்ட். மேசையில் வேலை செய்யும், சுவரில் ஏற்றியதும் கண்ட இடத்தில் கண்ட நிறம் மின்னும். நடுவில் 74எச்சிடி125 சிப் ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. மின்சாரக் கணக்கும் முக்கியம். ஒரு விளக்கு முழு வெண்மையில் 60 மில்லியாம்பியர் வரை எடுக்கும். 198 விளக்கும் ஒரே நேரத்தில் வெண்மையானால் ஏறத்தாழ 12 ஆம்பியர். சவால் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு விளக்கு, அதுவும் ஒற்றை நிறத்தில்தான் எரியும் என்பதால் நிஜத் தேவை ஒரு ஆம்பியருக்கும் கீழே. ஆனாலும் கோடில் ஒரு தவறு முழுச் சரத்தையும் வெண்மையாக்கலாம். ஃபியூஸ் போடுங்கள், மொத்த வெளிச்சத்துக்கு மென்பொருளிலும் ஓர் உச்சவரம்பு வையுங்கள். சரத்தின் இரு முனையிலும் மின்சாரம் கொடுக்காவிட்டால் கடைசி விளக்குகள் மங்கிச் சிவக்கும். சாக் தூள் எங்கும் புகும் என்பதால் காற்றாடி உள்ள பவர் சப்ளை வேண்டாம்.

வழக்கமாகப் பச்சை தொடக்கம், நீலம் நடு, சிவப்பு முடிவு. ஆண்களில் கணிசமானவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிவது கஷ்டம். எப்படி இந்த இரண்டு நிறத்தையே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம்தான். உங்கள் சுவரில் முடிவு விளக்கை மின்ன வையுங்கள். இரண்டு வரி கோடு, எல்லோருக்கும் புரியும்.

வெக்ஸ்லர் கணக்கு

இது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய வேலை. ஆனால் கயிறு பற்றி இது தரும் தெளிவு வேறெதிலும் கிடைக்காது.

கயிற்றை ஒரு சுருள்வில்லாக எண்ணிக்கொள்ளுங்கள். விழுந்த தூரத்தை, வெளியே ஓடியிருக்கும் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் வீழ்ச்சிக் காரணி. எடை விசையை இருமடங்காக்கி, கயிற்றின் விறைப்பாலும் காரணியாலும் பெருக்கி, எடை விசையின் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, மறுபடி எடை விசையைக் கூட்டினால் உச்ச விசை. கயிற்றின் விறைப்பு யாரும் அச்சடித்துத் தருவதில்லை. பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஒற்றைக் கயிற்றைத் தரச் சோதனையில் 80 கிலோ எடையோடு ஏறத்தாழ 1.7 காரணியில் விழவிடுகிறார்கள். முதல் வீழ்ச்சியில் 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. உங்கள் கயிற்றின் சீட்டில் 9 என்று போட்டிருந்தால், விறைப்பு சுமார் 25 கிலோநியூட்டன் என்று வரும்.

இப்போது எண்களைப் போட்டுப் பாருங்கள். கடைசி போல்ட்டுக்கு 3 மீட்டர் மேலே இருந்து விழுகிறீர்கள். 6 மீட்டர் வீழ்ச்சி. வெளியே 20 மீட்டர் கயிறு இருந்தால் காரணி 0.3, உச்ச விசை 4.3 கிலோநியூட்டன். பல கட்ட ஏற்றம் ஒன்றில் நிறுத்தத்தை விட்டுக் கிளம்பியவுடனே, 6 மீட்டர் கயிறுதான் வெளியே இருக்கும்போது அதே 6 மீட்டர் விழுந்தால் காரணி 1, விசை 7.1. மேல் காராபைனரில் உராய்வு காரணமாக இதைப்போல ஏறத்தாழ 1.6 மடங்கு இறங்கும். இன்னொன்று: காரணியைப் பூஜ்யம் என்று போட்டாலும் விடை பூஜ்யமாகாது. எடையின் இருமடங்கு, 1.57 கிலோநியூட்டன் வரும். தொய்வில்லாத கயிற்றில் 'பிடிச்சுக்கோ' என்று திடீரெனக் கையை விடுவதற்கு அதுதான் விலை.

நிஜத்தில் பிலே கருவியில் கயிறு வழுக்கும், பிலே செய்பவர் மேலே தூக்கப்படுவார், விசை குறையும். பாறை விளிம்பில் கயிறு உரசினால் மேல்பகுதிக் கயிறு மட்டுமே நீளும், விசை கூடும். ஆகவே இந்த நிரலைப் பாடமாக வையுங்கள். பாறையடியில் நின்று முடிவெடுக்க அதைத் திறக்காதீர்கள்.

இதன் தம்பி திட்டம் ஒன்று, த்ரீ-டி பிரின்டர் வைத்திருப்பவர்களுக்கு: ஃப்ரெண்டின் கேம் விளிம்பை வரையுங்கள். அது மடக்கைச் சுருள். கருவி சுருங்கியிருந்தாலும் விரிந்திருந்தாலும் பாறையைத் தொடும் கோணம் மாறாது என்பதுதான் அந்த வளைவின் சிறப்பு. ஜார்டைனின் கோணமான 13.75 பாகையைப் போட்டால், கீழ்நோக்கி இழுக்கும் விசையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒவ்வொரு பக்கச் சுவரையும் தள்ளும். உராய்வுக் கெழு 0.25 இருந்தாலே பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் அச்சடித்து இரண்டு புத்தகங்களுக்கு நடுவே வைத்து இழுத்துப் பாருங்கள், குழந்தைகளுக்கும் காட்டுங்கள். அதில் ஒரு ஓட்டை போட்டு ஸ்லிங் கோக்கும் அளவுக்குத் தத்ரூபமாக மட்டும் செய்யாதீர்கள்.

வீடியோ, தரவு

உடல் அசைவைக் கண்டறிய மீடியாபைப் நூலகம் 33 புள்ளிகளைத் தருகிறது. ஏறுபவர் கேமராவுக்கு முதுகு காட்டுவதால் இடது வலது அடிக்கடி குழம்பும். ஒரு காலில் சிவப்பு, மறு காலில் மஞ்சள் சாக்ஸ் போட்டுக்கொண்டு நிறத்தைத் தொடர்வது சில சமயம் அதைவிட ஒழுங்காக வேலை செய்கிறது. புதியவர்களின் பெரிய பிழை இடுப்பைச் சுவரைவிட்டுத் தள்ளி வைப்பது. அது பின்னாலிருந்து எடுக்கும் படத்தில் தெரியவே தெரியாது. பக்கவாட்டில் எடுங்கள்.

கடினத்தைக் கணினியால் மதிப்பிடும் ஆசை பலருக்கு வரும். நியூரல் நெட்வொர்க்கில் குதிக்கும் முன் எளிய வழியைப் பாருங்கள். செஸ் தரவரிசையில் இரண்டு ஆட்டக்காரர் மோதுவதுபோல, ஏறுபவரும் பாதையும் மோதுகிறார்கள் என்று எண்ணி, ஏறினால் ஒரு வெற்றி, விழுந்தால் ஒரு தோல்வி என்று கணக்கிட்டால் இருவருக்கும் மதிப்பெண் கிடைத்துவிடும். உங்கள் சுவரில் ஐந்து பேர் ஆறு மாதம் ஏறிய பதிவே இதற்குப் போதும். விழுந்ததையும் பதிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதைத்தான் யாரும் செய்வதில்லை.

புதிய பாதைகளை உருவாக்கும் பக்கம் போகிறவர்கள் 'ஸ்ட்ரேஞ்ச் பீட்டா' என்ற ஆய்வைத் தேடிப் படியுங்கள். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டது. ஏற்கெனவே உள்ள பாதைகளின் நகர்வு வரிசையை ஒழுங்கின்மைக் கோட்பாட்டைக் கொண்டு கலைத்துப் போட்டு, பாதை அமைப்பவருக்கு யோசனை தந்தார்கள். ஒரு ஜிம்மில் நிஜ ஏறுவோரிடம் சோதித்தபோது, வழக்கமான முறைக்கு அது சளைக்கவில்லை. அதில் முழு வேலையையும் கணினியிடம் விடாமல் மனிதரைக் கடைசி வரை வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த அம்சம்.

வெளிப்புறப் பாறைத் தரவு என்றால் ஓப்பன்பீட்டா என்ற திறந்த தரவுத்தளம் இருக்கிறது. நிரலிலிருந்தே கேட்டு வாங்கலாம், நீங்களும் சேர்க்கலாம். சேர்க்கும் முன் யோசியுங்கள். ராமநகரத்தில் ராமதேவர பெட்டா கழுகுச் சரணாலயம், 2012இல் அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே ஏற முடியாது. பாதாமியின் செம்மணற்கல் சுவர்களை ஒட்டிச் சாளுக்கியர் குடைவரைகள் இருக்கின்றன. ஹம்பியின் உருண்டைப் பாறைகள் உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கு நடுவில் கிடக்கின்றன. கூடு கட்டும் பாறையின் துல்லிய இருப்பிடத்தையோ கோயில் கல்லில் ஏறிய வீடியோவையோ வலையேற்றினால், அடுத்த பருவத்தில் எல்லோருக்குமாகச் சேர்த்துக் கதவு சாத்தப்படும். ட்ரோனை வீட்டிலேயே வையுங்கள். பாறையை முப்பரிமாணத்தில் பதிய அலைபேசியால் சுற்றிச் சுற்றி எடுத்த நூறு படங்களும் ஒரு இலவச மென்பொருளும் போதும்.

எப்போது செய்வது

பட்டறையும் பாறையும் ஒரே மாலைக்காகச் சண்டை போடத் தேவையில்லை. கடினமாக ஏறிய விரல்களுக்கு இரண்டு நாள் ஓய்வு வேண்டும். சால்டரிங், கோடு இரண்டும் அந்த நாட்களுக்கு. தென்மேற்குப் பருவமழை கர்நாடகப் பாறைகளை நனைக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கட்டுமான மாதங்கள். நனைந்த மணற்கல் பலம் இழக்கும் என்பதால் மழை விட்ட மறுநாளே பாதாமிக்கு ஓடுவதும் தப்பு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாறை குளிர்ந்து பிடிப்பு நன்றாக இருக்கும். அந்த மாதங்களில் கருவியில் பழுது வந்தால் ஓரமாக வைத்துவிட்டு ஏறப் போங்கள்.

விசைப்பலகையும் ஏற்றமும் ஒரே முழங்கையைத்தான் தேய்க்கின்றன. உள்பக்க முழங்கை வலி தொடங்கினால் இரண்டையும் குறைத்தாக வேண்டும். தண்டால் எடுப்பதும், மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்கும் பயிற்சியும் ஏறுபவருக்கு ஒன்றுக்கு இரண்டு லாபம்.

பாறையையே இதுவரை தொடாமல், கருவி செய்யும் ஆசையில் மட்டும் இந்த அத்தியாயத்தைத் திறந்திருந்தால், லேப்டாப்பை மூடிவிட்டு முதலில் பயிற்சிக்குப் போங்கள். கர்நாடக அரசின் ஜெனரல் திம்மையா சாகச அகாடமி பாறையேற்றப் பயிற்சி தருகிறது. எதை அளக்க வேண்டும் என்று உங்கள் முன்கையே அங்கே சொல்லும்.

ஏற்கெனவே ஏறுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விரல் தராசைச் செய்து முடித்ததும் சுற்றுப்படம், கோடு, உங்கள் அளவீடுகள் மூன்றையும் திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள். செய்முறையைத் தமிழிலும் எழுதுங்கள். கிருஷ்ணகிரியிலோ நாமக்கல்லிலோ வீட்டுக்குப் பின்னாலேயே பாறை வைத்திருக்கும் டிப்ளமோ மாணவர் ஒருவர் அதைப் படித்து உங்களைவிடச் சிறப்பாகச் செய்வார்.